வாக்கியக் கணக்கு: எப்போது சமன்பாடு, எப்போது வேறு வழி?

இரண்டு கணக்குகள்.

முதலாவது: ஒரு எண்ணை 3 ஆல் பெருக்கி, 7 ஐக் கூட்டி, கிடைத்ததை 2 ஆல் வகுத்து, அதிலிருந்து 4 ஐக் கழித்தால் 10 வருகிறது. அந்த எண் எது?

இரண்டாவது: ஒரு எண்ணின் 5 மடங்கிலிருந்து 8 ஐக் கழித்தால் வருவதும், அதே எண்ணின் 3 மடங்கோடு 20 ஐக் கூட்டினால் வருவதும் ஒன்றே. அந்த எண் எது?

பார்வைக்கு முதல் கணக்குதான் நீளம். ஆனால் அதற்குச் சமன்பாடு தேவையே இல்லை. கடைசியிலிருந்து திரும்பி நடந்தால் போதும்: 10 உடன் 4 சேர்ந்தால் 14, இரண்டால் பெருக்கினால் 28, 7 போனால் 21, மூன்றால் வகுத்தால் 7. முடிந்தது. இரண்டாவது கணக்கில் அதே மாதிரி திரும்பி நடக்கப் பாருங்கள். எங்கிருந்து கிளம்புவது? முடிவில் வந்த எண் எது என்றே சொல்லவில்லையே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், தெரியாத எண் கதைக்குள் எத்தனை முறை தலைகாட்டுகிறது என்பதுதான். முதல் கணக்கில் ஒரே முறை வந்துவிட்டு, அப்புறம் அதன் மேல் வேலை நடக்கிறது. இரண்டாவதில் இரண்டு இடத்தில் நிற்கிறது. எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது என் கருத்து. பின்னம் இருக்கிறதா, வயதுக் கணக்கா, தூரக் கணக்கா என்பதெல்லாம் அடுத்தபடிதான். ஆனால் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் "அந்த எண்ணை இன்னது என்க" என்று தொடங்கப் பழக்கப்பட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

(இங்கே தெரியாத எண்ணுக்கு 'க' என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது ஒன்று தேவைப்பட்டால் 'ச'.)

பின்னோக்கி நடப்பது

இது பழைய வழி. கி.பி. 499 இல் ஆரியபட்டர் இதைத் தனி விதியாகவே தந்திருக்கிறார்: திரும்பி வரும்போது பெருக்கியது வகுத்தலாகும், வகுத்தது பெருக்கலாகும், கூட்டியது கழித்தலாகும், கழித்தது கூட்டலாகும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, விதி அவ்வளவுதான்.

இதன் பலம் வேகம் மட்டும் இல்லை. எழுத்து, குறி, பக்கம் மாற்றுதல் எதுவும் இல்லாததால் தவறுக்கும் இடம் குறைவு. அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், எளிய கணக்குகளைக் கதையாகக் கொடுத்தபோது மாணவர்கள் சரியாகச் செய்தார்கள்; அதே கணக்கைச் சமன்பாடாக எழுதிக் கொடுத்தபோது அதிகம் தடுமாறினார்கள். கதையைச் சமன்பாடாக மாற்றுவதுதான் கடினம், சமன்பாடாகவே கொடுத்துவிட்டால் சுலபம் என்று ஆசிரியர்கள் பலரும் நம்பியதற்கு நேர் எதிரான முடிவு. கதையைப் படித்த பிள்ளைகள் சமன்பாட்டுப் பக்கமே போகாமல், பின்னோக்கி நடந்தோ ஊகித்தோ விடையை எடுத்திருக்கிறார்கள். 2008 இல் வந்த தொடர் ஆய்வு இன்னொரு பாதியைச் சொன்னது: தெரியாத எண் இரண்டு இடங்களில் வரும் கணக்குகளில் நிலைமை தலைகீழ், அங்கே சமன்பாடுதான் கைகொடுத்தது. மேலே சொன்ன கேள்வியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டு முடிவுகளும் ஒரு காரணம்.

ஊகித்துத் திருத்துவது

"சும்மா ஒரு எண்ணைப் போட்டுப் பார்" என்பதை மட்டமான வழியாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

ஏறத்தாழ கி.மு. 1550 இல் அஹ்மெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பப்பைரஸ் சுருளில் 24 ஆவது கணக்கு இது: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அளவு என்ன? அவர் 7 என்று வைத்துத் தொடங்குகிறார். ஏழும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 8. நமக்கு வேண்டியது 19. ஆகவே 8 ஐ எத்தனையால் பெருக்கினால் 19 வருமோ, அதே எண்ணால் 7 ஐயும் பெருக்க வேண்டும். விடை 16⅝. ஊகம் தப்பாக இருக்கும் என்று தெரிந்தே வைக்கிறார். ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக வர வேண்டும் என்பதற்காகத்தான் 7. பாஸ்கராச்சாரியர் 1150 வாக்கில் எழுதிய லீலாவதியிலும் இந்த முறை 'இஷ்ட கர்மம்' என்ற பெயரில் இருக்கிறது. இஷ்டப்பட்ட எண்ணை வைத்துச் செய்யும் கணக்கு என்று பொருள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்கில் வருவதெல்லாம் தெரியாத எண்ணின் மடங்கோ பங்கோ ஆக மட்டும் இருக்க வேண்டும். நடுவில் "8 ஐக் கழி" என்று தனி எண் ஒன்று நுழைந்துவிட்டால் ஓர் ஊகம் போதாது, இரண்டு தேவை. நம் இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

10 என்று ஊகித்தால் ஒரு பக்கம் 5 × 10 − 8 = 42, மறுபக்கம் 3 × 10 + 20 = 50. முதல் பக்கம் 8 குறைவு.
20 என்று ஊகித்தால் ஒரு பக்கம் 92, மறுபக்கம் 80. முதல் பக்கம் 12 அதிகம்.

ஊகம் 10 கூடியபோது, 8 குறைவாக இருந்தது 12 அதிகமாக மாறியது. அதாவது இடைவெளி 20 நகர்ந்தது. ஊகத்தில் 1 கூடினால் இடைவெளி 2 நகரும். 8 குறைவைச் சரிக்கட்ட 4 கூட வேண்டும். விடை 14. சரிபார்த்தால் 62, 62.

சீனாவிலும் அரபு உலகத்திலும் இந்த இரட்டை ஊகம் நெடுங்காலம் புழங்கியது. 1202 இல் இத்தாலியக் கணித அறிஞர் பிபோனாச்சி எழுதிய கணக்கு நூலில் இதற்கென்று தனி அத்தியாயமே உண்டு. இந்த வகைச் சமன்பாட்டுக்கு 'நேரிய' சமன்பாடு என்று ஏன் பெயர் வந்தது என்பதையும் இந்த முறை காட்டிவிடுகிறது. ஊகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றும்போது இடைவெளி ஒரே அளவில் நகர்கிறது. வரைபடத்தில் போட்டால் நேர்கோடு. அந்தக் குணம் இல்லாத கணக்கில், உதாரணமாக தெரியாத எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டிய கணக்கில், இரட்டை ஊகம் ஏமாற்றிவிடும்.

தினசரிப் பயன்பாட்டுக்கு இது சமன்பாட்டைவிட மெதுவான வழிதான். ஆனால் சமன்பாடு அமைக்கவே வராமல் திணறுபவருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஊகத்தைப் போட்டுச் சரிபார்க்கும்போது விடையைச் சுருக்காமல் 5 × 10 − 8, 3 × 10 + 20 என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 10 இருந்த இடத்திலெல்லாம் 'க' போடச் சொல்லுங்கள். 5க − 8 = 3க + 20. சமன்பாடு தானாக வந்து நிற்கிறது.

ஒரு சின்ன வேடிக்கை. பழைய கிரேக்கக் கணித அறிஞர் டயோபாண்டஸின் கல்லறை வாசகம் என்று வழங்கும் கணக்கில், வாழ்நாளில் 1/6 சிறுபிராயம், 1/12 இளமை, 1/7 திருமணம் வரை, அதன்பின் 5 ஆண்டில் மகன் பிறப்பு, மகன் வாழ்ந்தது தந்தையின் ஆயுளில் பாதி, மகன் இறந்தபின் தந்தை இன்னும் 4 ஆண்டு. சமன்பாடாக எழுதினால் பின்னங்களின் பெரிய வரிசை. ஆனால் 6, 12, 7 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண்ணாக ஊகிக்கலாம் என்று தொடங்கினால் முதல் எண்ணே 84, அதுவே விடை. அடுத்தது 168, அது மனித ஆயுள் ஆகாது. இதைக் கணிதம் என்பதைவிடச் சாமர்த்தியம் என்பேன். விடை முழு எண்தான் என்று கணக்கு எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

படம் போடுவது, மாறாததைப் பிடிப்பது

தந்தைக்கு 41 வயது, மகளுக்கு 9. எத்தனை ஆண்டு கழித்துத் தந்தையின் வயது மகளின் வயதைப் போல 3 மடங்காகும்?

தெரியாத எண் இரண்டு இடத்திலும் வருகிறது. என் விதிப்படி சமன்பாட்டுக்குப் போக வேண்டும். 41 + க = 3(9 + க) என்று எழுதி, அடைப்புக்குறியை விரித்து, 14 = 2க, க = 7. நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. இருவர் வயது வித்தியாசம் எப்போதும் 32. மகளின் வயதை ஒரு பட்டையாக வரைந்தால், அன்றைக்குத் தந்தையின் வயது அதே நீளத்தில் மூன்று பட்டைகள். வித்தியாசம் இரண்டு பட்டைகள். இரண்டு பட்டை 32 என்றால் ஒன்று 16. மகளுக்கு 16 வயதாக இன்னும் 7 ஆண்டு. ஆக, விதிக்கு விலக்கும் உண்டு: கதையில் மாறாமல் நிற்கும் ஓர் அளவு கண்ணில் பட்டுவிட்டால், தெரியாத எண் எத்தனை இடத்தில் வந்தாலும் சமன்பாட்டைத் தவிர்க்கலாம்.

கரைசல் கணக்கும் இதே ஜாதி. 20% உப்புள்ள 30 கிலோ கரைசலில் எத்தனை கிலோ தண்ணீர் சேர்த்தால் உப்பு 12% ஆகும்? தண்ணீர் கூடும், மொத்தம் கூடும், உப்பு மட்டும் கூடாது. உப்பு 6 கிலோ. 6 கிலோ 12% என்றால் மொத்தம் 50. சேர்த்தது 20. இதற்குச் சமன்பாடு எழுதினால் தசமப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சிங்கப்பூர் 1980களில் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இந்தப் பட்டைப் படத்தைக் கொண்டுவந்தது. பின்னர் பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் வயது வராத பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே அருமையான வழி. ஆனால் எல்லாக் கணக்கையும் பட்டைக்குள் திணிப்பது வீண் வேலை. "ஒரு எண்ணின் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 4 ஐக் கழித்ததும், அதன் ஐந்தில் இரண்டு பங்கோடு 12 ஐக் கூட்டியதும் சமம்" என்றால் பட்டையை 15 துண்டாக வெட்டி வரைய வேண்டும். வெட்டி முடிப்பதற்குள் சமன்பாடு விடையைச் சொல்லிவிடும்: இரு பக்கமும் 15 ஆல் பெருக்கினால் 10க − 60 = 6க + 180, 4க = 240, க = 60.

பட்டைக்கும் சமன்பாட்டுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். பட்டையில் ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். சமன்பாடு அமைந்துவிட்டால் அதன்பின் யோசிக்கவே வேண்டாம். வேலை இயந்திரம் மாதிரி ஓடும். யோசனை வருகிறவருக்குப் பட்டை வேகம், வராத அன்றைக்குச் சமன்பாடு பாதுகாப்பு.

சமன்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை

அந்த இயந்திரத்தை ஓடவைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவது. தவறுகளில் பெரும்பங்கு நடப்பது இங்கேதான், தீர்க்கும்போது இல்லை.

1980களின் தொடக்கத்தில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களின் எண்ணிக்கையைப் போல 6 மடங்கு மாணவர்கள். இதைச் சமன்பாடாக எழுத வேண்டும், தீர்க்கக்கூட வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலான தவறு ஒரே வகை: மாணவர் எண்ணிக்கை 'ம', பேராசிரியர் எண்ணிக்கை 'ப' என்றால், ம = 6ப என்று எழுதுவதற்குப் பதில் 6ம = ப. "6 மாணவருக்கு 1 பேராசிரியர்" என்று மனசுக்குள் வந்த படத்தை அப்படியே இடமிருந்து வலமாக எழுதிவிட்டார்கள். எழுத்து அங்கே எண்ணிக்கையாக இல்லாமல் பெயர்ச்சீட்டாக ஆகிவிட்டது.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. "ம = மாணவர்கள்" என்று எழுதாமல் "ம = மாணவர்களின் எண்ணிக்கை" என்று எழுதுவது ஒன்று. எழுத்துக்குப் போவதற்கு முன் சமன்பாட்டைச் சொற்களிலேயே எழுதிப் பார்ப்பது இன்னொன்று: "தந்தையின் அன்றைய வயது = 3 × மகளின் அன்றைய வயது." இதைக் கத்துக்குட்டி வேலை என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 820 இல் அல்-குவாரிஸ்மி இயற்கணிதத்தை ஒரு துறையாக நிறுத்தியபோது முழுவதையும் சொற்களில்தான் எழுதினார். சமக்குறி வந்ததே 1557 இல், ராபர்ட் ரெக்கார்டின் கையால்.

அடுத்தது, எதை 'க' என்று வைப்பது. கேட்ட எதுவோ அதையே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது, மொத்தம் 5 மணி நேரம், தூரம் எவ்வளவு? தூரத்தை 'க' என்று வைத்தால் க/40 + க/60 = 5. பொது வகு எண் தேட வேண்டும். போன நேரத்தை 'க' என்று வைத்துப் பாருங்கள்: 40க = 60(5 − க), 100க = 300, க = 3; தூரம் 120 கி.மீ. கேட்டதற்கு ஒரு படி சுற்றிப் போனோம், ஆனால் வழி முழுக்கச் சமதரை.

ஒரு மாறியா, இரண்டா

சீனாவின் சுன்ட்ஸூ கணக்கு நூலில், ஏறத்தாழ 3 முதல் 5 ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தது, புகழ்பெற்ற கூண்டுக் கணக்கு ஒன்று: காட்டுக்கோழிகளும் முயல்களும் ஒரே கூண்டில். தலைகள் 35, கால்கள் 94. எத்தனை கோழி, எத்தனை முயல்?

ஒரு மாறியில், அதாவது தெரியாத எண்ணுக்கு ஒரே எழுத்து வைத்து: முயல் 'க' என்றால் கோழி 35 − க. 4க + 2(35 − க) = 94. க = 12.
இரண்டு மாறியில்: க + ச = 35, 4க + 2ச = 94. முதல் சமன்பாட்டை 2 ஆல் பெருக்கிக் கழித்தால் 2க = 24.

எழுதும் வரிகள் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டு மாறியில் வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடு என்று நேரடியாக எழுதிக்கொண்டே போகலாம். மாற்றும் வேலை இலகு, தீர்க்கும் வேலை கொஞ்சம் கூடுதல். ஒரு மாறியில் அது மறுபக்கம்: "35 − க" என்பதை மனசிலேயே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தபின் தீர்ப்பது எளிது. வாக்கியத்தை மாற்றுவதில்தான் தவறு அதிகம் என்பதால், நீக்கல் முறை (மேலே செய்தது போல ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்து ஓர் எழுத்தைப் போக்குவது) கைவந்துவிட்ட எவருக்கும் நான் இரண்டு மாறியையே சொல்வேன்.

சரி, இரண்டும் இல்லாமலும் முடிக்கலாம். எல்லாம் கோழி என்று வைத்தால் கால்கள் 70, குறைவது 24, ஒரு கோழியை முயலாக மாற்றினால் 2 கால் கூடும், ஆக முயல் 12. இதைவிட அழகானது, ஒவ்வொன்றும் தன் கால்களில் பாதியைத் தூக்கிக்கொள்ளட்டும் என்பது. தரையில் 47 கால்கள். கோழிக்கு ஒன்று, முயலுக்கு இரண்டு. தலை 35 ஐக் கழித்தால் மிஞ்சுவது முயல்களின் எண்ணிக்கை, 12. ரசிக்க அருமையானது, ஆனால் மூன்று கால் முக்காலியும் ஐந்து கால் நாற்காலியும் என்று கணக்கை மாற்றிவிட்டால் இந்தப் பாதி வித்தை நின்றுவிடும். சமன்பாட்டில் இரண்டு கெழுக்களை, அதாவது எழுத்துகளைப் பெருக்கும் எண்களை, மாற்றினால் முடிந்தது.

தேர்வு அறையில்

படிமுறைக்கு மதிப்பெண் தரும் தேர்வென்றால் சமன்பாட்டையே எழுதுங்கள். பட்டைப் படமோ ஊகமோ சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வென்றால், அந்த விடைகளே தயாராக வைக்கப்பட்ட ஊகங்கள்தாம். நடுவிலுள்ள ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மிகையா குறைவா என்று தெரிந்தாலே பாதி விடைகள் விழுந்துவிடும்.

தீர்க்கும்போது "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற வாய்ப்பாட்டை நம்பியே ஓட்டுபவர்கள், 3க = 12 என்பதைக்கூட க = 12 − 3 என்று எழுதுவதைப் பார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே செயலைச் செய்கிறோம் என்று நினைத்து எழுதினால் அந்தத் தவறு வராது. ஒரு வரி கூடுதலாகப் போகும், போகட்டும்.

கிடைத்த விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்ப்பது மட்டும் போதாது. சமன்பாடே தவறாக அமைந்திருந்தால் தவறான விடையும் அதில் அழகாகப் பொருந்தும். மூல வாக்கியத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அதே தந்தை, மகள்: 41, 9. எப்போது 5 மடங்கு? 41 + க = 5(9 + க) என்பது க = −1 என்று தருகிறது. பயப்பட ஒன்றுமில்லை. போன ஆண்டு அவர்களுக்கு வயது 40, 8. "எத்தனை ஆண்டு கழித்து" என்று கேட்டவர்தான் காலத்தைத் தவறாகக் கேட்டுவிட்டார். கூண்டில் கால்கள் 95 என்று போட்டுப் பாருங்கள், சமன்பாடு கொஞ்சமும் தயங்காமல் பன்னிரண்டரை முயல் என்று சொல்லும். இரண்டு கால், நான்கு கால் என எப்படிக் கூட்டினாலும் ஒற்றைப்படை வராது. அங்கே மறுபடி மறுபடி தீர்த்துக்கொண்டிருக்காமல், கேள்வியில் அச்சுப்பிழை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம்.